குயில் மாதிரி

புனலூர் அருகே,
22.6.2025

உயிரினும் இனிய பெர்சிஸுக்கு,

உன் ஜெபசிங் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் ஜெனோவும் சுகமா?

உன் அண்ணன் என்னை ஏற்றிக்கொண்டு புளியறை தாண்டியபோது மேற்கு மலையே எனக்காகக் கண்ணீர் வடித்தது. இந்த மறுவாழ்வு இல்லத்தின் வாசலில் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனிக் கடிதம்தான் கதி. உன்னைப் பார்க்காத ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு யுகம். நான் சிறகொடிந்த பறவை.

சாரல் திருவிழாப் பட்டிமன்ற மேடையில் நான் வாய் திறந்தால் ஐந்தருவி ஆறருவியாகிவிடும் என்று ஊரே சொல்லும். இங்கே எல்லாரும் மலையாளம். ‘எந்தா ஜெபசிங்கே, சோறு மதியோ?’ என்று, சோறு போதுமா என்பதை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள். தமிழ் தெரிந்த ஒரே ஆள் ஆலோசகர் கோமதிசங்கர். செங்கோட்டைக்காரர். அரைமணி நேரம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, “அண்ணாச்சி, பிரமாதமாப் பேசுதீய. ஆனா குடிச்சிட்டு என்ன செஞ்சீயன்னு இன்னும் எனக்கு வெளங்கல. வீட்டுக்கு லெட்டர் எழுதுங்க. அலங்காரம் இல்லாம எழுதிப் பழகுங்க” என்றார். அலங்காரம் இல்லாமல் எழுத நான் என்ன ரேஷன் கடை அறிவிப்பா?

சரி, உத்தரவு உத்தரவுதான். நீதான் தமிழாசிரியை ஆயிற்றே. என் கடிதத்தில் அணி எங்கே தென்பட்டாலும் அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்பு. திருத்திக்கொள்கிறேன்.

அன்று நம் வீட்டில் அடித்த சின்னச் சூறாவளியை நீ மறந்திருப்பாய். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஜெனோ தனிப்பாட்டுப் பாடும்போது முதல் வரிசையில் நான் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன்,
ஜெபசிங்


குத்துக்கல்வலசை,
3.7.2025

ஜெனோ அப்பாவுக்கு,

பெர்சிஸ் எழுதுவது. நான் சுகம். உங்கள் உடம்பு தேறுவதற்கு ஜெபிக்கிறேன்.

கேட்டபடி உங்கள் கடிதத்தை அடிக்கோடு போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பேனாவில் பாதி மை காலி.

மலை கண்ணீர் வடித்தது என்பது தற்குறிப்பேற்றம். தன்பாட்டுக்கு நடக்கிற ஒன்றின் மேல் நம் நினைப்பை ஏற்றிச் சொல்வது. ஜூன் மாதம் புளியறையில் சாரல் பெய்யத்தான் செய்யும், உங்களுக்காகப் பெய்யவில்லை. ஒரு நாள் ஒரு யுகம், உயர்வு நவிற்சி. சிறகொடிந்த பறவை உருவகம், அதுவும் அரதப்பழசு. ரேஷன் கடை அறிவிப்பைக் கேலி செய்கிறீர்கள். அதைப் படித்தால் எத்தனை கிலோ அரிசி, என்றைக்கு என்று தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

‘சின்னச் சூறாவளி’ வருகிற இடத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சூறாவளி அடித்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அந்த உருவகத்தைத் தேடி எடுத்தீர்களோ என்று நினைத்தேன். கோபத்தில் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

பத்தாம் வகுப்புக்கு இப்போது அணிதான் நடத்துகிறேன். உள்ளதை உள்ளபடி சொல்வதும் ஓர் அணிதான், தன்மை நவிற்சி என்று பெயர் என்றால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. “அதுல என்ன டீச்சர் அழகு இருக்கு?” என்கிறாள் ஒருத்தி. அப்படி ஒரு கடிதம் நீங்கள் எழுதுங்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வீட்டுக்கு வரலாமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வேன். இது மிரட்டல் இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஜெனோ பள்ளிக்குப் போகிறாள்.

பெர்சிஸ்


புனலூர் அருகே,
16.7.2025

அன்புள்ள பெர்சிஸுக்கு,

ஜெபசிங் எழுதுவது. சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

டீச்சர் உத்தரவுப்படி எழுதுகிறேன். காலையில் ஐந்தரைக்கு எழுப்புகிறார்கள். கஞ்சியும் பயறும். பிறகு தோட்டத்தில் மரவள்ளிக்குத் தண்ணீர் விடுகிறேன். வந்த புதிதில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் பாதி சட்டையில் கொட்டும். இப்போது சிந்தாமல் குடிக்கிறேன். பார்த்தாயா, நானும் ரேஷன் கடை அறிவிப்பாகிவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. உன் அண்ணன் தர்மப்பிரபு! மாப்பிள்ளையை மூட்டை மாதிரி ஏற்றிவந்து, இறக்கிவிட்டு, ஒரு டீ வாங்கித் தராமல், ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தாரே, அந்தப் பெரிய மனசு இந்தத் தென்காசி ஜில்லாவில் யாருக்கு வரும்?

சாரல் திருவிழாப் பட்டிமன்றத்தில் என் நாற்காலியில் யார் உட்காரப்போகிறார்கள்? பாட்டுப் பயிற்சிக்கு ஜெனோ ஒழுங்காகப் போகிறாளா? அவளை இரண்டு வரி எழுதச் சொல். அவள் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அன்புடன்,
ஜெபசிங்


குத்துக்கல்வலசை,
28.7.2025

ஜெனோ அப்பாவுக்கு,

பெர்சிஸ் எழுதுவது. வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். சாரல் விடாமல் பெய்கிறது, துணி காயவில்லை.

தர்மப்பிரபு என்றது வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போலப் பழிப்பது. மேடையில் இதற்குத்தான் உங்களுக்குக் கைதட்டல் அதிகம் விழும். அண்ணன் டீ வாங்கித் தராததற்குக் காரணம் இருந்தது. அவர் அன்றைக்கு வேறோர் இடத்துக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது.

டீ சிந்தாமல் குடிக்கிறேன் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடிக்கோடு போட அதில் ஒன்றும் இல்லை. இந்தப் பதினைந்து வருஷத்தில் நீங்கள் என்னிடம் சொன்னதில் நான் நம்பிய வரி அதுதான் என்று தோன்றியது. அழுதேன்.

அதே மாதிரி அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதுங்கள். ஜூன் எட்டு. என்ன செய்தீர்களோ அதை மட்டும். ஜெனோவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமை, பிறகு ஜெனோ.

பெர்சிஸ்


புனலூர் அருகே,
12.8.2025

பெர்சிஸுக்கு,

ஜெபசிங். உடம்பு சுகம். இதை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து நாளாகிவிட்டது.

ஜூன் எட்டாம் தேதி ஆராதனைக்கு வருகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு புளியறைக்குப் போனேன். லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து குடித்தேன். மதியம் வீட்டுக்கு வந்தேன். நீ சோறு போட்டாய். குழம்பில் உப்பு இல்லை என்றேன். உப்பு இருந்தது. உன் சம்பளத்தில் தின்கிறேன் என்று சொல்லிக் காட்டுகிறாயா என்று கேட்டேன். நீ அப்படி ஒன்றும் சொல்லவில்லை. தட்டைத் தூக்கி எறிந்தேன். குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. நீ சமையலறைக்குப் போனாய். நான் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் உன் அண்ணன் வந்து எழுப்பினார். வீட்டில் உங்கள் இருவரையும் காணவில்லை. கோபித்துக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

அன்று ஜெனோவை நான் பார்க்கவே இல்லை. மாடியில் படித்துக்கொண்டு இருந்திருப்பாள். அவள் கண்ணில் இதெல்லாம் படவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

இவ்வளவுதான். ஒன்றையும் மறைக்கவில்லை. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்.

ஜெபசிங்


குத்துக்கல்வலசை,
9.9.2025

அன்புள்ள ஜெனோ அப்பாவுக்கு,

பெர்சிஸ் எழுதுவது. நாங்கள் நலம், உங்கள் நலத்துக்கு ஜெபிக்கிறோம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காலாண்டுத் தேர்வு வேலை. உங்கள் கடிதம் நன்றாக இருந்தது. அடிக்கோடு போட வேண்டியிருக்கவில்லை.

ஜெனோ நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு மான்குட்டி மாதிரித் துள்ளி ஓடுகிறாள். பாட்டுப் பயிற்சியில் குயில் மாதிரிப் பாடுகிறாள். அவள் முகம் முழுநிலவு போல இருக்கிறது.

ஐந்தருவியில் தண்ணீர் குறைந்துவிட்டது. சீசன் கடைகளைப் பிரிக்கிறார்கள். மிளகாய் பஜ்ஜி போடுகிற அண்ணாச்சி, “எங்க டீச்சர், சாரை ஆளையே காணும்?” என்று கேட்டார். வெளியூரில் நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டேன்.

பார்க்க வரலாம் என்று இல்லத்திலிருந்து தகவல் வந்தது. இப்போது வர முடியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பெர்சிஸ்


புனலூர் அருகே,
5.10.2025

பெர்சிஸுக்கு,

ஜெபசிங் எழுதுவது. நான் சுகமாக இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்தில் எல்லாரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். மலையாளத்திலும் குயில் குயில்தானாம், அந்த வரிக்கு எல்லாரும் சிரித்தார்கள். கோமதிசங்கரிடமும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நல்லது அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார்.

அது மனசில் உறுத்தியது. மறுநாள் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பாதியில் திடுக்கிட்டுப்போனேன்.

நீ எழுதி நான் ஓர் உவமை பார்த்ததில்லை. நமக்கு நிச்சயமானபோது நீ எழுதிய முதல் கடிதத்தில், ‘எனக்குச் சமையல் சுமார்தான், வேலையை விட மாட்டேன்’ என்றுதான் இருந்தது. இந்தக் கடிதத்திலும் அருவித் தண்ணீர், பஜ்ஜிக்கடை, தேர்வு எல்லாம் உள்ளது உள்ளபடி. ஜெனோ வருகிற இடத்தில் மட்டும் மான்குட்டி, குயில், முழுநிலவு. உன் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால் அந்த வரியை அடித்துவிட்டு, ‘சொந்தமாக யோசி’ என்று ஓரத்தில் எழுதுவாய்.

பெர்சிஸ், இது நான் பிழைத்த தொழில். மேடையில் கைவசம் விஷயம் இல்லாவிட்டால் ஓர் உவமையைத் தூக்கிப் போடுவேன். சொல்லக் கூடாத விஷயம் இருந்தால் இரண்டு. நீ மூன்று போட்டிருக்கிறாய்.

ஜெனோவுக்கு என்ன?

அந்த மூன்று இடத்திலும் அடிக்கோடு போட்டு உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இங்கே சிவப்பு மை கிடைக்கவில்லை, நீலம்தான். பயத்தில் கை மறுபடி நடுங்குகிறது. கோடு நேராக வரவில்லை, மன்னித்துக்கொள்.

ஜெபசிங்


குத்துக்கல்வலசை,
9.11.2025

ஜெனோ அப்பாவுக்கு,

பெர்சிஸ். நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் பிரித்து அந்த நீலக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அப்படியே நின்றேன்.

ஆகஸ்டில் உங்கள் கடிதம் வந்தபோது இதைவிட அதிர்ந்தேன். அதுவரைக்கும் நீங்கள் தெரிந்தே அலங்காரமாகப் பேசி மழுப்புகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அலங்காரத்தை எல்லாம் உரித்துவிட்டு எழுதிய கடிதத்திலும் அது இல்லை. நீங்கள் மறைக்கவில்லை, உங்களுக்குத் தெரியவே தெரியாது. இப்படி ஒன்று இருக்க முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கோமதிசங்கருக்குப் போன் செய்தேன். “குடிபோதையில செஞ்சது சிலருக்கு நெசமாவே ஞாபகத்துல நிக்காது டீச்சர். இப்பச் சொன்னா அவரு இங்கன இருந்து ஓடிருவாரு. ஓடுனா நேரே கடைக்குத்தான். கொஞ்சம் பொறுங்க” என்றார். பொறுத்தேன். பொய் எழுத எனக்கு வரவில்லை. அன்றைக்கு என் முன்னால் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இருந்தன. மானும் குயிலும் நிலவும் அதிலிருந்து எடுத்தவைதான்.

கடைசியாக அவரிடம் கேட்டபோது, “அவரே கண்டுபிடிச்சிட்டாரு டீச்சர். இனி மறைச்சாத்தான் ஆபத்து. சொல்லிருங்க” என்றார். சொல்கிறேன்.

ஜெனோ மாடியில் இல்லை. முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் தனிப்பாட்டின் ராகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டை எறிந்த பிறகு நீங்கள் அவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னீர்கள். அவளுக்குக் கேட்கவில்லை. எழுந்து போய் இயர்போனைப் பிடுங்கினீர்கள். “கூப்பிடுதது காதுல விழலியாட்டி?” என்று கேட்டீர்கள். இடது காதோடு சேர்த்து அறைந்தீர்கள். அவள் விழுந்தாள். அவளைத் தாண்டிப் போய்ப் படுத்துத் தூங்கினீர்கள்.

காதிலிருந்து ரத்தம் வந்தது. அப்போதே ஆட்டோ பிடித்து, பிறகு கார் பிடித்துத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மறுநாள் அண்ணன் உங்களை இறக்கிவிட்டு நேரே அங்கேதான் வந்தார். அவருக்கு டீ குடிக்க நேரமில்லை. செவிப்பறை கிழிந்தது ஆறிவிட்டது. உள்ளே நரம்பும் அடிபட்டிருக்கிறது. இடது காது கேட்கவில்லை. இனிக் கேட்காது என்கிறார்கள். தனிப்பாட்டை விட்டுவிட்டாள்.

படித்துவிட்டு அங்கேயே இருங்கள். ஓடாதீர்கள்.

பெர்சிஸ்


புனலூர் அருகே,
30.11.2025

பெர்சிஸ்,

கடிதம் வந்தது. படித்தேன்.

அந்த மதியத்தைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். குழம்பு தெறித்தது இருக்கிறது. கட்டில் இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. என் கைதான் அடித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

வெளிக்கதவு வரைக்கும் போனேன். பூட்டவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோமதிசங்கர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டுகிற வரை அங்கேயே இருந்தார். பிறகு சாப்பிடக் கூட்டிப்போனார்.

மன்னிப்புக் கேட்க வார்த்தை நிறைய வருகிறது. எல்லாம் எங்கேயாவது ஒரு மேடையில் நான் கைதட்டு வாங்கியவை. அதனால் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான் வரலாமா என்று உன்னிடம் கேட்டது தப்பு. ஜெனோதான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு.

ஜெபசிங்


குத்துக்கல்வலசை,
13.12.2025

அப்பாவுக்கு,

ஜெனோ எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். சும்மா சொல்லல, காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்ல. நீங்க நல்லா இருக்கீங்களா?

உங்க லெட்டர் எல்லாத்தையும் அம்மா காட்டுனாங்க. அம்மா எழுதுனதையும் சொன்னாங்க. குயில் மாதிரின்னு எழுதுனதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அப்புறம் அழுகை வந்துட்டு. உங்களுக்கு ஞாபகமே இல்லன்னு கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. நான் தினமும் நெனச்சுக்கிட்டே இருக்கேன், உங்களுக்குத் தெரியவே தெரியாதாம்.

சர்ச்சுல மறுபடி பாடுறேன். தனியா இல்ல, குழுவுல. முன்னாடி நடுவுல நின்னப்ப இடது பக்கம் யார் என்ன சுதியில பாடுறாங்கன்னு தெரியாம தப்பு தப்பாப் பாடிட்டேன். இப்ப மாஸ்டர் என்னை வரிசையில இடது கோடியில நிறுத்திட்டாங்க. எல்லாரும் என் வலது பக்கம் வந்துட்டாங்க. சரியாக் கேக்குது.

கிறிஸ்துமஸுக்கு நீங்க வர வேண்டாம். நீங்க வந்தா நான் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன், பாட்டு வராது. எனக்கு உங்களைப் பாத்தாப் பயமா இருக்கு. உயர்வு நவிற்சி இல்ல. பயம்தான்.

அப்புறம் எப்ப வரலாம்னு இப்பச் சொல்லத் தெரியல. டீ சிந்தாமக் குடிக்கிறது நல்லது.

ஜெனோ


புனலூர் அருகே,
26.12.2025

ஜெனோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு சுகம். கை நடுங்கவில்லை. நீயும் அம்மாவும் சுகமாக இருங்கள்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. இங்கே என்னைப் பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலையில் இடது காதில் பஞ்சை உருட்டி இறுக்கி வைத்துக்கொண்டேன். உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். பாட்டுப் பாடினார்கள், பாதிதான் இருந்தது. தட்டு விழுந்தது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கமாக ஒரு கை வந்து தோளைப் பிடித்தது. அலறிவிட்டேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. சமையல்காரர் பரீது, கையில் பாயசத்தோடு நின்றார். பாவம், அவரும் நடுங்கிப்போனார். “விளிச்சது கேட்டில்லே?” என்றார்.

கூப்பிட்டது கேட்கவில்லையா என்றுதான் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. அவர் என்னை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “சாரமில்லா, கழிக்கு”, பரவாயில்லை சாப்பிடு என்று பாயசத்தைத் தள்ளி வைத்தார். என்னால் சாப்பிட முடியவில்லை.

நான் பஞ்சை எடுத்துவிட்டேன். என்னால் எடுக்க முடிந்தது.

பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும் இடப்பக்கமாக வந்து உன்னைத் தொட வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லச் சொல், அம்மாவிடம். நீ கூப்பிடுகிற வரைக்கும் நான் வர மாட்டேன். கூப்பிட்டால், தூரத்திலேயே நீ பார்க்கும்படியாக, வலப்பக்கமாக வருகிறேன்.

அப்பா